ஊர் லால்குடி... ஸ்டாம்ப் சிங்கப்பூர்!

'எங்கடா இருக்க?'

இந்தக் கேள்விக்குக் கடைசியா எப்ப உண்மையான பதில் சொன்னீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம். தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு 'ஸ்பெஷல் கிளாஸ்மா', சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு 'லைப்ரரிப்பா', வீட்டுல போர்வைக்குள்ள சுருண்டு படுத்துக்கிட்டு 'மச்சி, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிட்டேன்டா, அஞ்சு நிமிஷம்!'. இதெல்லாம் நம்ம காலேஜ் வாழ்க்கையில கணக்கிலேயே வராத பொய்கள். நானும் சொல்லியிருக்கேன். தினமும் லால்குடியிலிருந்து ரயில் பிடிச்சு காலேஜ் போற கட்சி நான். டோல்கேட் பக்கமே போகாம டோல்கேட் தாண்டின ஆள்!

அப்படிப்பட்ட என்னை, ஜெர்மனியில இருக்கிற ஒரு பாட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்டு மண்டையைக் குனிய வெச்சுட்டாங்க. கேள்வி இதுதான்: 'ஊசியை எங்கே குத்தட்டும்?'

புரியலையா? முதல்லேருந்து சொல்றேன்.

போஸ்ட்கிராஸிங்னு ஒரு விளையாட்டு இருக்கு. போர்ச்சுகல் நாட்டுல மாணவரா இருந்தபோது பாலோ மகல்யாயிஷ் என்பவர் 2005 ஜூலையில ஆரம்பிச்சது. அவருக்குத் தபால் பெட்டியில பில்லும் விளம்பரமும் தவிர வேற ஏதாவது வரணும்னு ஆசை. நமக்கும் அதே ஆசைதானே! நீங்க பேரைப் பதிவு பண்ணி, 'ஒரு அட்ரஸ் கொடு'னு கேட்டா, உலகத்துல எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தர் அட்ரஸும், கூடவே ஒரு எண்ணும் கொடுப்பாங்க. இந்தியாவுல இருந்து அனுப்புற கார்டுன்னா அந்த எண் 'ஐ.என்'னு ஆரம்பிக்கும். ஜெர்மனின்னா 'டி.ஈ'. அந்த எண்ணை போஸ்ட்கார்டுல எழுதி அனுப்பணும். கார்டு கைக்குப் போனதும் அவங்க எண்ணைப் பதிவு பண்ணுவாங்க. உடனே உங்க அட்ரஸ் வேற யாருக்கோ போகும். அவங்க உங்களுக்கு அனுப்புவாங்க. ஒண்ணு போட்டா ஒண்ணு வரும். அனுப்பினவரே திருப்பி அனுப்ப மாட்டார், அதான் இதுல கிக்கு. இதுவரைக்கும் 7 கோடிக்கும் அதிகமான கார்டுகள் இப்படிக் கை மாறியிருக்கு.

புதுசா சேர்றவங்க ஒரே நேரத்துல அஞ்சு கார்டுதான் அனுப்ப முடியும். அது போய்ச் சேர்ந்து பதிவானாத்தான் அடுத்த அட்ரஸ். இங்கதான் எனக்கு அரிப்பு ஆரம்பிச்சது. அரியர் ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்ல. தினமும் பார்க்கிறேன், அஞ்சும் 'பயணத்தில்'. ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணு வாரம்... லால்குடிக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல கடல் இருக்குங்கிறதே அப்பத்தான் உறைச்சது.

அடுத்த அஞ்சு அட்ரஸ் கையில வந்தப்ப, சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பா லீவுக்கு வந்திருந்தார். திருச்சி ஏர்போர்ட் பத்தித் தெரியும்ல? நம்ம ஊர்க்காரங்களுக்குச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் அடுத்த பஸ் ஸ்டாப் மாதிரி. சட்டுனு பல்பு எரிஞ்சது. சித்தப்பாகிட்ட அஞ்சு கார்டையும் கொடுத்து, 'அங்க போய் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில போட்டுருங்க சித்தப்பா, சீக்கிரம் போயிரும்'னேன். கார்டுல என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'லால்குடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்திலேயே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டு ஆறுகள்...' கவிதை! எழுதினது என்னவோ ஸ்டேஷன் பெஞ்சுலதான். அதுல பொய்யில்ல. போட்டது ஜூரோங்ல.

கார்டு பறந்துச்சு. ஒரே வாரத்துல ஜெர்மனியில பதிவாயிடுச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. அதோட வந்த நன்றிக் குறிப்பைப் படிச்சதும் நின்னுச்சு. அந்த அம்மா ரிட்டயர்டு பூகோள டீச்சர். சமையல்கட்டுச் சுவர்ல பெரிய உலக வரைபடம் மாட்டியிருக்காங்க. எங்கிருந்து கார்டு வருதோ அந்த ஊர்ல ஒரு ஊசி குத்துறது அவங்க வழக்கம். பேரன் வந்தா, ஊசியைத் தொட்டுக் காட்டி அந்த ஊர்க் கதையைச் சொல்வாங்களாம். இந்தியாவுல அதுவரைக்கும் ஒரு ஊசிகூட இல்ல. என் அட்ரஸ் எண் 'ஐ.என்'னு பார்த்ததும் பேரனைக் கூப்பிட்டிருக்காங்க. ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தா சிங்கப்பூர். 'அழகான கார்டு, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். நீ ஆற்றங்கரையில் இருக்கிறாயா, சிங்கப்பூரில் இருக்கிறாயா? ஊசியை எங்கே குத்தட்டும்?' இவ்வளவுதான். திட்டல. கோபப்படல. அதான் தாங்க முடியல.

அப்புறம்தான் விதிகளை ஒழுங்காப் படிச்சேன். (எக்ஸாம் முடிஞ்சு சிலபஸ் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதுசா என்ன!) விதி ரொம்ப எளிசு. எண்ணுல எந்த நாட்டுக் குறி இருக்கோ, அந்த நாட்டுலேருந்துதான் கார்டு தபால்ல சேரணும். நீங்க எந்த நாட்டுக்காரர், கார்டு எங்க வாங்கினது, படத்துல என்ன இருக்கு... அதெல்லாம் உங்க இஷ்டம். எங்கே பெட்டியில விழுந்ததுங்கிறதுதான் கேள்வி.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு நாட்டு ஸ்டாம்ப் அந்த நாட்டுத் தபாலுக்கு மட்டும்தான் செல்லும். 1874-ல சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துல நாடுகள் கூடி உலக அஞ்சல் ஒன்றியம் அமைச்சாங்க. 1876-லேயே இந்தியா அதுல சேர்ந்தாச்சு. அதனாலதான் நம்ம ஊர்ல ஒட்டின ஸ்டாம்புக்கு ஜெர்மனியில போஸ்ட்மேன் காசு கேட்காம வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆனா, இந்திய ஸ்டாம்பை ஒட்டி சிங்கப்பூர்ப் பெட்டியில போட முடியாது. அங்க போட்டா அவங்க ஸ்டாம்ப்தான். ஆக, குறுக்கு வழியில போனா கார்டு தானே காட்டிக்கொடுத்துரும்.

'அப்போ டூர் போறப்ப அனுப்பவே கூடாதா?'னு கேட்பீங்க. தாராளமா அனுப்பலாம். அதுக்குன்னே பயணி நிலைனு ஒரு வசதி இருக்கு. வெளிநாடு போனதும், 'நான் இப்ப இந்த நாட்டுல இருக்கேன்'னு மாத்திட்டு அப்புறம் அட்ரஸ் கேட்டா, அந்த நாட்டுக் குறியோட எண் வரும். உங்களுக்கு வர்ற கார்டு வழக்கம்போல வீட்டு அட்ரஸுக்கே வரும். கவனிக்க வேண்டியது வரிசையை. முதல்ல மாத்தணும், அப்புறம்தான் அட்ரஸ் வாங்கணும். எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க மலேசியா போறதுக்கு முன்னாடி ரெண்டு அட்ரஸ் வாங்கி வெச்சிருந்தாங்க. 'ஐ.என்' எண். கிளம்புற அவசரத்துல மறந்துட்டு, ஏர்போர்ட் போற வழியில ஆட்டோவை நிறுத்தி, அந்த ரெண்டு கார்டையும் திருச்சியிலேயே பெட்டியில போட்டுட்டுத்தான் போனாங்க. 'அங்க போய் போட்டா யாருக்குக்கா தெரியப் போகுது?'னு கேட்டேன். 'கார்டு வாங்குறவனுக்குத் தெரியும்டா. அவன் ஒருத்தனுக்குத்தான அனுப்புறோம்?'னாங்க. அடுத்த செகண்ட் ஆட்டோக்காரர்கிட்ட வெயிட்டிங் சார்ஜுக்குப் பேரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க, அது வேற விஷயம்.

நாடு விட்டு நாடுதான் விதி. நாட்டுக்குள்ள? இங்கதான் விவகாரமே சுவாரஸ்யம். லால்குடியில எழுதி, ரயில்ல கொண்டுபோய் ஸ்ரீரங்கத்துல போட்டா தப்பா? எந்த விதியும் தடுக்காது. ரெண்டும் இந்தியாதான். ஆனா, கார்டு வாங்குறவருக்கு நீங்க எழுதுற ஊர்ப் பேர்தான் ஊர். இங்க விதி கிடையாது, வெறும் வார்த்தைதான்.

ஐ.வி-க்கு மூணாறு போன எங்க கிளாஸ் கும்பல்ல பாதிப் பேர் அங்க போஸ்ட் ஆபீஸ் பக்கமே போகல. கார்டு மட்டும் வாங்கிக்கிட்டு வந்து, இங்க நிதானமா எழுதினாங்க: 'பனி மூட்டத்துக்கு நடுவே...' வெளியில திருச்சி வெயில் மண்டையைப் பிளக்குது, உள்ள பனி மூட்டம்! மேல திருச்சி முத்திரை. இதைத் தவிர்க்க ஒரு வரி போதுங்க: 'மூணாறுல வாங்கினேன், ஊருக்கு வந்துதான் போட்டேன்.' அந்த வரி எழுதின கார்டு யாருக்கும் கசந்ததா நான் கேள்விப்பட்டதில்ல. சோம்பேறித்தனம்தான் உலகம் பூராவுக்கும் புரியுற மொழியாச்சே.

அதுக்காக ஊர்ப் பேர்ல ரொம்பக் கறாராவும் இருக்க முடியாது. எங்க ஊரையே எடுத்துக்குங்க. எழுத்தாளர் லா.ச.ரா. இனிஷியல்ல இருக்கிற 'லா', லால்குடி. ஆனா அவர் பிறந்தது பெங்களூர்ல. ஸ்ரீரங்கத்துத் தெருக்களை உலகம் பூரா கொண்டுபோன சுஜாதா பிறந்தது சென்னை திருவல்லிக்கேணி. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் வாழ்ந்தது சென்னையில, பேர்ல மட்டும் எப்பவும் எங்க ஊர். யாரும் இவங்களைப் பொய் சொன்னாங்கனு சொல்ல மாட்டோம். 'எந்த ஊருக்காரர்'ங்கிறது ஒரு கேள்வி. 'இப்ப எங்க இருக்கீங்க'ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ரெண்டாவது கேள்விக்குத்தான் முத்திரை பதில் சொல்லுது.

முத்திரையோட மகிமை எங்க வீட்டுக்கு நல்லாவே தெரியும். பெரிய மாமா கதை அது.

1987. மாமா பிளஸ் டூ ஃபெயில். ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே ஆள் எஸ்கேப். ஒரு மாசம் தகவலே இல்ல. அப்புறம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. 'நான் நலம். மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. என்னைத் தேட வேண்டாம்.' ஊர்ப் பேர் இல்ல. தாத்தாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. லெட்டரைத் தூக்கிக்கிட்டு போஸ்ட்மேன் வீட்டுக்கே ஓடியிருக்கார். அவர் லென்ஸ் வெச்சுப் பார்த்துச் சொன்னது: நாக்பூர்!

பாட்டியோட தோடு அடகுக் கடைக்குப் போச்சு. தெருவுல மிலிட்டரியில இருந்து வந்த ஒருத்தருக்கு இந்தி தெரியும். அவரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு, மெட்ராஸ் போய், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி, தாத்தா நாக்பூர் போனார். பதினோரு நாள். ஷிஃப்ட் விடுற நேரத்துல மில் கேட் மில் கேட்டா போய் நின்னாராம், கையில மாமாவோட ஸ்கூல் குரூப் போட்டோவை வெச்சுக்கிட்டு. அதுல மாமா மூணாவது வரிசை, பாதி முகம்தான் தெரியும். கையில இருந்த காசு தீர்ந்ததும் திரும்பி வந்துட்டார். பாட்டி அந்த மாசமெல்லாம் ராத்திரி சாப்பிடலையாம்.

மாமா அப்ப எங்க இருந்தார்ங்கிறீங்க? பாலக்கரை! திருச்சி பாலக்கரை. ஒரு லேத் பட்டறையில வேலை, அங்கேயே தூக்கம். லால்குடியில பஸ் ஏறினா ஒரு மணி நேர தூரம். லாரி ஓட்டுற சிநேகிதன்கிட்ட லெட்டரைக் கொடுத்து, 'போற வழியில எங்கேயாவது போட்டுரு'ன்னிருக்கார். அந்தப் புண்ணியவான் நாக்பூர்ல போட்டுட்டார். ஏழு மாசம் கழிச்சு, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போன சித்திப் பாட்டி, சொர்க்கவாசல் கூட்டத்துல மாமா சட்டைக் காலரைக் கொத்தா பிடிச்சுட்டாங்க. பெருமாளைச் சேவிச்சாங்களா இல்லையாங்கிறது இன்னிக்கும் எங்க வீட்டுல விவாதத்துல இருக்கு.

வீட்டுக்கு வந்த மாமாவை தாத்தா அடிக்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம்: 'கடுதாசியில பொய் எழுதியிருந்தாக்கூட பரவாயில்லடா. நான் முத்திரையை நம்பில்ல போனேன்!'

சிங்கப்பூர் விஷயத்தை நான் வீட்டுல சொன்னப்ப அம்மா சிரிச்சாங்க. மாமா மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. இன்ஸ்டாவுல மேம்பாலத்துக்குக் கீழ நின்னு 'மணாலி'னு லொகேஷன் போடலாம். அது நாமளே எழுதிக்கிற சர்ட்டிஃபிகேட். முத்திரையைக் குத்துறது நம்மைத் தெரியாத, நம்ம லைக்ஸ் பத்திக் கவலையே படாத ஒரு ஆள். அதனாலதான் அதுக்கு அந்த மவுசு. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குல ஹிக்கிம்னு ஒரு கிராமம், 4,400 மீட்டருக்கும் மேல. அங்க 1983-லேருந்து ஒரு போஸ்ட் ஆபீஸ் இருக்கு. மூச்சு வாங்க மேல ஏறி, தனக்குத் தானே ஒரு கார்டு போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அண்டார்டிகாவுல இந்தியாவோட பாரதி ஆராய்ச்சி நிலையத்துல 2024 ஏப்ரல்ல போஸ்ட் ஆபீஸ் திறந்தாங்க. 'எம்.எச்-1718'னு பின்கோடு. அந்த ஒரு வட்ட முத்திரைக்காக ஸ்டாம்ப் சேகரிக்கிறவங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் காத்திருப்பாங்க.

நடுக்கடல்ல கப்பல்ல இருந்தா எந்த ஊர்? அதுக்கும் ஏற்பாடு இருக்கு. கப்பல் எந்த நாட்டுக் கொடியில போகுதோ அந்த நாட்டு ஸ்டாம்ப் ஒட்டலாம். கரைக்கு வந்ததும் துறைமுகத் தபால்காரங்க 'பாக்கெபோ'னு ஒரு முத்திரை குத்துவாங்க. பிரெஞ்சு வார்த்தை. 'ஸ்டாம்ப் ஒரு நாடு, முத்திரை ஒரு நாடா இருக்கேனு குழம்பாதீங்க, இது கடல்ல போட்டது'னு அர்த்தம். நம்ம ரயில்கள்லயும் ஓடுற வண்டியிலேயே தபால் பிரிச்ச ஆர்.எம்.எஸ். பெட்டிகள் இருந்தது. அதுல லேட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போட்ட லெட்டருக்கு ரயில் முத்திரையே தனி. கடல்லயும் ரயில்லயும் போறவனுக்கே 'நீ எங்கே இருந்த'னு ஒரு முத்திரை கண்டுபிடிச்சிருக்காங்க. சித்தப்பா பெட்டியில சொருகின ஆளுக்கு மட்டும் இல்ல!

நிஜமான முத்திரை வேணும்னா என்ன செய்யலாம்? என் அனுபவம் சொல்றேன். தெருப் பெட்டியில போட்டா எந்த முத்திரை விழும்னு நம்ம கையில இல்ல. கட்டுல சேர்ந்து போய் வேற இடத்துலகூடக் குத்துவாங்க. நேரா கவுன்ட்டருக்குப் போங்க. 'சார், இதுல நம்ம ஊர் முத்திரை தெளிவா விழணும், வெளிநாடு போகுது'னு கேளுங்க. எழுதினதோட மேல குத்துற மாதிரி ஸ்டாம்பை ஒட்டாதீங்க, கொஞ்சம் இடம் விடுங்க. இன்னொண்ணு, ஊரைச் சொல்றதுன்னா ஹாஸ்டல் ரூம் நம்பர் வரைக்கும் சொல்லணும்னு அர்த்தமில்ல. அனுப்புறவர் அட்ரஸை கார்டுல எழுத வேண்டிய அவசியமே கிடையாது. லால்குடினு எழுதினா போதும், லால்குடியில எந்தத் தெருனு வேண்டாம். பொண்ணுங்க இதைக் கவனிச்சுக்குங்க. பசங்களும்தான்.

சரி, ஜெர்மனிப் பாட்டி? நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவசரம், சித்தப்பா, ஜூரோங்... எல்லாம். 'உங்க அட்ரஸுக்கு இன்னொரு கார்டு அனுப்பலாமா?'னு அனுமதியும் கேட்டேன். (அந்த அட்ரஸ் ஒரு கார்டுக்காகக் கொடுத்தது. கேட்காம நம்ம இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.) சரின்னாங்க. மத்த நாலு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ரெண்டு பேர் பரவாயில்லைன்னாங்க. ஒருத்தர் பதிலே போடல. இன்னொருத்தர், இந்திய ஸ்டாம்புக்காகத்தான் காத்திருந்ததா ஒரே வரி எழுதியிருந்தார். அது இன்னும் குத்துது.

எங்க சப்தரிஷீஸ்வரர் கோயில் கோபுரத்தை நானே போட்டோ எடுத்து, ஸ்டூடியோவுல தடிமனான அட்டையில பிரின்ட் போட்டேன். பின்னாடி எழுதினேன்: 'இந்த ஊரின் பழைய பெயர் திருத்தவத்துறை. இப்போது லால்குடி. பின்கோடு 621601. இன்று காலை ஒன்பதேகாலுக்கு இதை நானே கவுன்ட்டரில் கொடுக்கிறேன்.' போஸ்ட் ஆபீஸுக்கு மாமாவும் வந்தார். கூப்பிடாமலே! முத்திரை விழற வரைக்கும் கவுன்ட்டரை விட்டு நகரல. கருப்பு மையில வட்டமா விழுந்ததை எட்டி எட்டிப் பார்த்தார்.

இருபத்தி மூணு நாள் ஆச்சு. இந்தத் தடவை நான் எண்ணினேனே தவிர அரிக்கல. ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. அவங்க வரைபடத்துல லால்குடி இல்ல. திருச்சி மட்டும் இருக்கு. அதனால நீலக்கோட்டுக்கு மேல, பென்சிலால ஒரு புள்ளி வெச்சு, பக்கத்துல பொடி எழுத்துல ஊர்ப் பேரை எழுதி, சிவப்பு ஊசியைக் குத்தியிருந்தாங்க. சிங்கப்பூர்லயும் ஒரு ஊசி இருந்தது. 'அதை எடுக்கவில்லை. அந்தக் கார்டு அங்கிருந்துதானே வந்தது'னு கீழே ஒரு வரி.

மாமாகிட்ட போட்டோவைக் காட்டினேன். செல்போனைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டுச் சொன்னார்:

''நாக்பூருக்கு ஒண்ணு, பாலக்கரைக்கு ஒண்ணு... எனக்கு ரெண்டு ஊசி கேளுடா!''